சங்கத்தின் குரலை எங்கே வைப்பது: வாட்ஸ்அப் குரூப்பா, சேனலா, பேஸ்புக் பக்கமா?

கடலூர் மாநகராட்சியில் 400 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் என்று வைத்துக்கொள்வோம். வடிகால், குடிநீர், தெருவிளக்கு என்று வழக்கமான குறைகள். முதுநகருக்குத் தெற்கே என்றால் சிப்காட் தொழிற்பேட்டையின் நெடியும் சேரும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாகிவிட்டது, கவுன்சிலரையும் பார்த்தாகிவிட்டது. "ஆன்லைன்ல நமக்குன்னு ஒண்ணு வேணும்" என்ற பேச்சு கிளம்புகிறது. கூட்டம் முடிவதற்குள் யாரோ ஒருவர் தன் போனிலேயே வாட்ஸ்அப் குரூப் ஒன்றைத் தொடங்கி எல்லோரையும் உள்ளே இழுத்துவிடுவார். பெரும்பாலும் இது இப்படித்தான் நடக்கிறது. யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை.

உட்கார்ந்தாலும், "எதில் நிறையப் பேர் இருக்கிறார்கள்?" என்பதே முதல் கேள்வியாக வரும். அதை இரண்டாவதாக வையுங்கள். உறுப்பினர்களின் எண்கள் யார் கண்ணில் படும், அந்த இடத்தை யார் நினைத்தால் பூட்ட முடியும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

பூட்டுவது கற்பனை இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அந்த ஒரே இடத்தில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, "இனி இங்கே வாருங்கள்" என்று சொல்லக்கூட வழியில்லாமல் போனது. பின்தொடர்ந்தவர்களின் பட்டியல் செயலியிடம் இருந்தது, அவர்களிடம் இல்லை.

எண்கள் விஷயத்துக்குப் புதுச்சேரியே பாடம். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், வாக்காளர்களின் கைபேசிக்குப் பா.ஜ.க. தரப்பிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருந்த லிங்க்கைத் தொட்டால் அந்தந்த வாக்குச்சாவடிக்கான வாட்ஸ்அப் குரூப்புக்குள் போகும். ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் வருகிறது, எண்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டு இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் சார்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு போடப்பட்டது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் திரட்டிய எண்கள் என்றது பா.ஜ.க. தரப்பு. தன்னிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். அந்த வாதத்தை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுவோம். நமக்கு முக்கியமானது, சாவடிக்கு ஒரு குரூப் என்ற அந்த அளவு. ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் கூடாது என்று 2025-இல் தேர்தல் ஆணையம் வரையறுத்தது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உங்கள் 400 வீட்டுக் குரூப், பெயரும் தெருவும் தெரிந்த எண்களோடு, தயாராக இருக்கும் ஒரு சாவடிப் பட்டியல்தான். அதை எடுக்க எதையும் உடைக்க வேண்டாம். குரூப்பில் ஓர் உறுப்பினராக இருந்தால் போதும்.

குரூப் எப்படிக் கைமாறுகிறது

குரூப்பின் பலம் எல்லோருக்கும் தெரியும்: ஏற்கெனவே எல்லோர் போனிலும் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் வருகிறது, எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் குரல் பதிவு போடலாம். அது கெடும் விதமும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். கட்சிப் பொறுப்பில் இருக்கும் ஒருவரை, "அண்ணன் இருந்தா வேலை நடக்கும்" என்று சேர்ப்பார்கள். சில மாதத்தில் மரியாதைக்காக அட்மின் ஆக்குவார்கள். ஒரு அட்மின் இன்னொருவரை அட்மின் ஆக்கலாம், பழைய அட்மினை நீக்கவும் செய்யலாம். தேர்தல் அறிவிப்பு வந்த வாரம் குரூப்பின் படம் மாறும். எதிர்க்கட்சிக்காரர்கள் சண்டை போட்டு வெளியேறுவார்கள். குடிநீர்க் குழாய் உடைந்த செய்தி, பொன்னாடைப் படங்களுக்கு நடுவே காணாமல் போகும்.

குரூப்தான் வேண்டும் என்றால் முதல் நாளே நான்கு அமைப்புகளை மாற்றுங்கள். பெயரையும் படத்தையும் மாற்றும் உரிமை அட்மினுக்கு மட்டும். ஆள் சேர்க்கும் உரிமை அட்மினுக்கு மட்டும். புதியவர் வர அட்மின் ஒப்புதல் கட்டாயம். அழைப்பு லிங்க்கை மாதம் ஒருமுறை ரீசெட் செய்து பழையதைச் செல்லாததாக்குங்கள். டீக்கடைச் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடு ஒரு வருடம் கழித்தும் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. இத்தனையும் செய்தாலும் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். தனியாக வசிக்கும் பெண்களும் வாடகைக்கு இருக்கும் மாணவிகளும் குரூப்பில் சேரத் தயங்குவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

சேனல்: குழாய் ஒரு பக்கம்தான்

வாட்ஸ்அப் சேனல் இந்தியாவுக்கு வந்தது 2023 செப்டம்பரில். இதில் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. அவர்களைத் தொடர்பில் சேமித்து வைத்திருந்தால் தவிர, அட்மினுக்கும் தெரியாது. எண்ணிக்கைக்குக் குரூப்பைப் போல உச்ச வரம்பு இல்லை. குரூப்பில் போல யாரும் பதில் எழுத முடியாது. பதிவுக்குக் கட்டைவிரல் குறி போடலாம், வாக்கெடுப்பில் பங்கு பெறலாம். 2024 முதல் அட்மின் குரல் பதிவும் போடலாம்.

கோளாறு மூன்று. ஒன்று, பின்தொடர்ந்தவுடன் அறிவிப்பு ஒலிக்காது. மணி அடையாளத்தைத் தொட்டு அவர்களே திறந்துவிட வேண்டும். "சேனல்ல போட்டேனே, பார்க்கலையா?" என்ற சண்டைக்கு மூலம் இதுதான். சேர்க்கும்போதே அந்த மணியைத் தொடச் சொல்லிக்கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று. இரண்டு, பதிவுகளை வாட்ஸ்அப் 30 நாள் அளவுக்குத்தான் வைத்திருக்கும்; ஆவணமாக நம்ப முடியாது. மூன்று, குரூப்பில் இருக்கும் முழு மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) சேனலுக்குக் கிடையாது. சேனலில் ரகசியம் பேசப் போவதில்லை என்பதால் இது பெரிய குறை இல்லை.

உள்ளூர் அரசியலில் சேனலின் உண்மையான பலவீனம் வேறு: கேட்கும் காது அதற்கு இல்லை. அறிவிப்பு பலகையை மட்டும் வைத்திருக்கும் சங்கம் சீக்கிரம் நான்கு பேர் சங்கமாகிவிடும். ஆகவே சேனலோடு ஒரு சிறு குரூப் கட்டாயம் வேண்டும். 25 வீட்டுக்கு ஒருவர் என்றால் 400 வீட்டுக்கு 16 பேர். அந்தப் பதினாறு பேருக்குத்தான் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும்.

பேஸ்புக், எக்ஸ், யூடியூப், டெலிகிராம்

பேஸ்புக் பக்கம் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கானது: சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள், நிருபர்கள், அதிகாரிகள். ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் ஒரு பதிவு ஆயிரம் பேருக்கும் போய்ச் சேராது. 2018 ஜனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாகச் சொல்லி பேஸ்புக் தன் வரிசையை மாற்றியதிலிருந்து பக்கங்களின் நிலை இதுதான். பணம் கட்டி முன்தள்ளலாம். ஆனால் தேர்தல், அரசியல், சமூகப் பிரச்சினை சார்ந்த விளம்பரத்துக்கு அடையாளச் சான்று கொடுத்து, யார் செலவில் என்ற வரியையும் போட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. உப்பனாற்றில் நுரை மிதக்கும் படத்தைச் சாதாரண விளம்பரம்போல முன்தள்ளினால் நிறுத்திவிடுவார்கள். பக்கத்தின் முழுக் கட்டுப்பாட்டை இரண்டு வீட்டைச் சேர்ந்த இருவரிடம் வையுங்கள். "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்" என்று உள்பெட்டியில் வரும் மிரட்டல் லிங்க்கைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தை இழப்பவர்கள் ஏராளம்.

எக்ஸில் உங்கள் தெருக்காரர்கள் இருக்க மாட்டார்கள். துறைகளும் அமைச்சர்களும் செய்தியாளர்களும் இருக்கிறார்கள். மனு எண் கையில் இருக்கும்போது, அதையும் தேதியையும் சொல்லி ஒரு பதிவு போட மட்டும் அது உதவும். யூடியூப் காட்சி ஆதாரத்துக்குச் சரியான இடம். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடவிட்டால் காப்புரிமைப் புகார் வரும், 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் சேனலே போகும்.

டெலிகிராமைத் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் விரும்புவார்கள். குரூப்பில் 2 லட்சம் பேர், எண்ணை மறைக்கும் வசதி, புதியவருக்கும் பழைய பதிவுகள் தெரிவது எல்லாம் உண்மைதான். ஆனால் அதன் குரூப்புகளுக்கு முழு மறையாக்கம் கிடையாது. தனியே திறக்கும் ரகசிய உரையாடலுக்கு மட்டும்தான். எங்கள் எண்ணத்தில் அதைவிடப் பெரிய தடை, கடலூரில் பெரும்பாலோருக்கு டெலிகிராம் என்பது புதுப்படமும் டிஎன்பிஎஸ்சி பாடக்குறிப்பும் தேடிப் போகும் இடம். அக்கா குடிநீர் அறிவிப்பு பார்க்க அங்கே வர மாட்டார்.

எஸ்எம்எஸ் கணக்கு

நெட் இல்லாத பட்டன் போனுக்கும் போகும் ஒரே வழி இது. அதனால் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தமிழுக்கு இது விலை கூடியது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70. நீண்டு இரண்டாகப் பிரிந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 67. அதுவும் நாம் எண்ணும் எழுத்துகள் இல்லை. "நாளை குடிநீர் வராது" என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்தும் இரண்டு இடைவெளியும். போன் எண்ணுவது 19. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் அதற்குத் தனி எழுத்து. "நீர்" மட்டுமே நான்கு. எனவே மணியும் இடமும் சேர்த்து எழுதும் சாதாரண அறிவிப்பு எளிதாக இரண்டு துண்டு ஆகிவிடும்.

பெரும்பாலான ப்ரீபெய்டு திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான் உண்டு. 400 வீட்டுக்கு இரண்டு துண்டு என்றால் 800. எட்டு போன் வேண்டும். சுருக்கி ஒரே துண்டாக்கினால் நான்கு போதும். நிறுவனம் வழியாக மொத்தமாக அனுப்பலாம் என்றால், சங்கத்தின் பெயரில் அனுப்புநர் தலைப்பையும் செய்தி மாதிரியையும் மொத்த எஸ்எம்எஸ்களுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். மாதிரியில் இல்லாத வாசகம் போகாது. புயல் கரையைக் கடக்கும் இரவில் புது மாதிரிக்கு ஒப்புதல் வாங்க முடியாது.

நெடியைப் பதிவு செய்வது

சிப்காட்டை ஒட்டிய ஊர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. 2009-இலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நெடியைப் படம் பிடிக்க முடியாது. அதிகாரி மறுநாள் வரும்போது காற்று மாறியிருக்கும். "நேத்து ராத்திரி நாத்தம் தாங்கல" என்று குரூப்பில் 40 பேர் போட்டாலும் அது புலம்பலாக நின்றுவிடும்.

பதினாறு பேர் குரூப்பில் ஒரே வடிவத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: தெரு, தொடங்கிய மணி, முடிந்த மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, நெடி எதைப் போல. "கீழத்தெரு, 10.20 முதல் 11.05, தெற்கு, அழுகிய முட்டை." அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம் என்று வாரியத்து ஆளுக்கே புரியும்; "கெட்ட நாத்தம்" என்றால் எதுவும் புரியாது. ஆறு தெருக்காரர்கள் ஒரே மணியை எழுதியிருந்தால் அந்தப் பதிவுக்கு எடை வருகிறது. வாரக் கடைசியில் ஒருவர் அதை நோட்டில் ஏற்றி, குரூப் உரையாடலையும் ஏற்றுமதி செய்து கோப்பாக வைக்க வேண்டும்.

தண்ணீரோ குழாயோ என்றால் படம் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரமும் போய்விடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். எடுத்த போனில் உள்ள மூலத்தை அழிக்காதீர்கள். நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் கேட்பார்கள், வெறும் ஸ்கிரீன்ஷாட் நிற்காது.

வழக்கு எந்தப் பக்கம் வரும்

சிறிய குரலுக்கு ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு தொழில்முனைவோர், அப்போதைய நிதியமைச்சரின் மகன் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றிய ஒரு ட்வீட்டுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் கைதானார். அவரை அப்போது பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர் என்று செய்திகள் வந்தன. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. செத்த பிரிவில் அதன் பிறகும் வழக்குகள் பதிவாகி, 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி கண்டிப்பான உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்று வருவது வேறு பிரிவுகள்: பாரதிய நியாய சன்ஹிதாவில் பகைமை மூட்டுவதற்கு 196, வதந்திக்கு 353, அவதூறுக்கு 356.

குரூப் அட்மின்களுக்கு ஓரளவு நிம்மதி உண்டு. அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் மதுரை அமர்வு சொன்னது. ஆனால் "நான் எழுதல, வந்ததை அனுப்பினேன்" என்பது உதவாது. எஸ்.வி. சேகர் வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பியதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று தெளிவாக்கிவிட்டது. சேனலில் பேசுவது சங்கம் மட்டும் என்பதால் பொறுப்பு முழுக்கச் சங்கத்தின் தலையில் விழும், ஆனால் யார் என்ன எழுதினார் என்ற குழப்பம் இல்லை. ஆலையின் பெயரைப் போட்டு "விஷம் கலக்கிறான்" என்று எழுதாதீர்கள். இடம், மணி, படம், மனு எண் போதும்.

தேர்தல் காலத்தில் இன்னொன்று. வேட்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவருக்காக விளம்பரச் செலவு செய்வது குற்றம். சங்கத்தின் பணத்தில் பேஸ்புக் பதிவை முன்தள்ளுவதும் அதில் வரும். வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது தொடங்கும் அமைதிக் காலத்தில் எதையும் போடாமல் இருப்பதே நல்லது. அதற்கு முன், எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகளை எழுத்தில் கொடுத்து, வந்த பதில்களை ஒரே நாளில் சேனலில் போடுங்கள். பதில் தராதவர் பெயருக்கு எதிரே "பதில் வரவில்லை" என்று மட்டும்.

பாகூர்ப் பக்கம் என்றால்

கடலூரில் 2022 தேர்தலுக்குப் பின் 45 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்கிறார். தெருக் குரல் முதலில் போக வேண்டிய முகவரி அது. தென்பெண்ணையைத் தாண்டினால் நிலைமை வேறு. புதுச்சேரியில் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் மறுபடி அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. கவுன்சிலர் இல்லாத இடத்தில் எம்எல்ஏ அலுவலகமும் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரும்தான். அங்கே குரூப் இன்னும் வேகமாக எம்எல்ஏ ஆட்கள் கைக்குப் போகும், ஏனென்றால் வேலை நடக்க வேறு வாசல் இல்லை. பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துச் சங்கங்களுக்கு வெளியே தெரியும் பேஸ்புக் பக்கமும் தகவல் உரிமை மனுவும் கடலூரைவிட அதிகம் உதவும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அந்தப் பதிலை அப்படியே படமாகப் பக்கத்தில் போடலாம்.

எங்கள் தேர்வு

ஊருக்கு அறிவிக்கச் சேனல். கேட்கவும் சரிபார்க்கவும் பதினாறு பேர் குரூப். வெளியுலகுக்குப் பேஸ்புக் பக்கம், வாரம் இரண்டு பதிவு போதும். 400 பேர் குரூப் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றி, ஒரு மாதம் சேனல் லிங்க்கைத் தினமும் போட்டு ஆளை நகர்த்திவிட்டு மூடுங்கள். சண்டை வரும். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே செய்தால் குறைவாக வரும்.

சேனலைச் சொந்த எண்ணில் தொடங்காதீர்கள். சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, இருபடிச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண்ணை மூடிய உறையில் தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுங்கள். சிம்மை ரீசார்ஜ் செய்யும் நாளைப் பொருளாளர் நோட்டில் எழுதட்டும். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் முடங்கி, பிறகு வேறு ஒருவருக்குப் போகக்கூடும்.

கடைசியாகக் காகிதம். வீட்டு எண், ஒரு பெயர், ஒரு கைபேசி எண், எதற்காக வாங்கினோம் என்ற ஒரு வரி, கையெழுத்து. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்த பிறகு அந்த வரியும் கையெழுத்தும் அலங்காரம் இல்லை. இந்தப் பட்டியலை யாருக்கும் படம் எடுத்து அனுப்பக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறியபோதும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகி வந்தபோதும் மின்சாரம் முதலில் போனது. சார்ஜ் தீர்ந்த போனில் சேனலும் இல்லை, குரூப்பும் இல்லை. பதினாறு பேரும் தங்கள் 25 வீட்டுக்கு நடந்தே போய்ச் சொல்ல வேண்டும். பட்டியலின் நகல் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளம் ஏறாத மாடி வீடு ஒன்றில் வைத்திருங்கள்.